மார்கழி இருமல்: கஷாயமா, டாக்டரா?

மார்கழி பிறந்துவிட்டால் எங்கள் கும்பகோணத்துத் தெருவில் விடியற்காலை பஜனைச் சத்தத்தோடு இருமல் சத்தமும் சேர்ந்துகொள்ளும். கோலம் போடக் குனிந்த எதிர்வீட்டு மாமி இருமுவார். பால்காரர் இருமிக்கொண்டே மணி அடிப்பார். உள்ளே எங்கள் வீட்டுக் குஞ்சு குளுவான்கள் போர்வைக்குள்ளிருந்து பதில் இருமல் கொடுக்கும். வருஷா வருஷம் நடப்பதுதானே, இதிலே எழுத என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம்.

பெரும்பாலான இருமலில் ஒன்றும் இல்லைதான். தானாக வரும், தானாகப் போய்விடும். ஆனால் ஏதோ ஒரு இருமல் மட்டும் அப்படிப் போகாது. அந்த ஒன்றை மற்ற இருமல்களிலிருந்து பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். அதற்கு டாக்டர் படிப்பு தேவையில்லை. கண்ணும் காதும் கையில் ஒரு கடிகாரமும் இருந்தால் போதும். நாற்பது வருஷமாகக் குடும்பம் நடத்தி, மூன்று பிள்ளைகளை வளர்த்து, இப்போது பேரன் பேத்தி பார்த்துக்கொண்டிருப்பவள் என்ற ஒரே தகுதியில் இதை எழுதுகிறேன்.

முதலில் நாள் கணக்கு. ஜலதோஷத்தோடு வரும் இருமல் மூன்று நாளில் நிற்க வேண்டும் என்று நாமாக ஒரு கணக்கு வைத்திருக்கிறோம். நாலாம் நாள் ஒரு டாக்டர், ஆறாம் நாள் வேறு டாக்டர் என்று ஓடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். உண்மையில் குழந்தைகளில் பாதிப் பேருக்கு இருமல் நிற்கவே பத்து நாள் ஆகிறது. பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு 25 நாட்களுக்குள் நின்றுவிடும். மூக்கு ஒழுகி, இரண்டு நாள் லேசாகக் காய்ந்து, பிறகு ஜுரம் விட்டு, இருமல் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வருகிறது, குழந்தை சாப்பிடுகிறது, விளையாடுகிறது என்றால் நீங்கள் நிம்மதியாகத் தூங்கலாம். சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறிவிட்டது என்பதற்காக மட்டும் 'ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுங்க டாக்டர்' என்று கேட்க வேண்டியதில்லை. சாதாரண ஜலதோஷத்திலும் சளி அந்த நிறத்துக்கு வரும். ஜலதோஷத்தைக் கொண்டு வருவது வைரஸ். அதன்மேல் அந்த மருந்து வேலை செய்யாது.

'குறைந்துகொண்டே வருகிறதா?' என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. குறைந்து வந்தது திடீரென்று கூடினாலும், விட்ட ஜுரம் மறுபடி ஏறினாலும், ஜுரம் மூன்று நாளுக்கு மேல் நீடித்தாலும், அப்போது டாக்டரிடம் போக வேண்டும்.

கைக்குழந்தைகளுக்கு இந்தப் பொறுமையெல்லாம் கிடையாது. மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு ஜுரம் 100.4 டிகிரியைத் தொட்டால், இருமல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அன்றைக்கே காட்ட வேண்டும். காலை வரை பார்க்கலாம் என்பது கூடாது.

இனி மூச்சு எண்ணுவதைப் பற்றி. இந்தக் கட்டுரையில் வேறு எது மறந்தாலும் இது மறக்கக் கூடாது. பல வருஷங்களுக்கு முன்னால் எங்கள் பக்கத்து அங்கன்வாடிக்கு வந்த கிராம சுகாதார நர்ஸ் சொல்லிக் கொடுத்தது. குழந்தை அழாமல், பால் குடிக்காமல், அமைதியாக இருக்கும்போது, தூங்கினால் இன்னும் நல்லது, சட்டையைத் தூக்கிவிட்டு வயிற்றையும் மார்பையும் பாருங்கள். ஒரு தடவை ஏறி இறங்கினால் ஒன்று. கடிகாரத்தை வைத்துக்கொண்டு முழுசாக ஒரு நிமிஷம் எண்ண வேண்டும். பதினைந்து விநாடி எண்ணி நாலால் பெருக்குகிற வேலை வேண்டாம். குழந்தையின் மூச்சு ஒரே சீராக வராது. இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு நிமிஷத்துக்கு 60 அல்லது அதற்கு மேல், இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குள் 50 அல்லது அதற்கு மேல், ஒரு வயது முதல் ஐந்து வயதுக்குள் 40 அல்லது அதற்கு மேல் போனால் அது வேக மூச்சு. இருமலோடு வேக மூச்சு என்றால் நிமோனியாவாக இருக்கலாம் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். உலக சுகாதார நிறுவனம் வகுத்த அளவு இது. ஸ்டெதாஸ்கோப்பும் எக்ஸ்ரேயும் இல்லாத ஊர்களிலும் நிமோனியாவைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பதற்காகவே ஏற்படுத்தியது.

2023 மார்கழியில் என் பெண் எட்டு மாதக் குழந்தையோடு வந்திருந்தாள். குழந்தைக்கு மூன்று நாளாகச் சளி. ஜுரம் பெரிதாக இல்லை. இருமலும் அப்படி ஒன்றும் பிரமாதமாக இல்லை. அதுதான் எல்லோரையும் ஏமாற்றியது. இரவு ஒன்பது மணிக்குப் பால் குடிக்க வைத்தால், இரண்டு வாய் குடித்துவிட்டு விட்டுவிடுகிறது. மறுபடி வைத்தால் மறுபடி விடுகிறது.

"தூக்கக் கலக்கம். பல் முளைக்கிற நேரம் வேற. விடுடீ, காலைல குடிக்கும்" என்றார் என் மாமியார். அவருக்கு எண்பத்து நாலு வயது. ஆறு பெற்று வளர்த்தவர். அவர் சொன்னால் அந்த வீட்டில் அதற்கு மேல் பேச்சு இல்லை.

நான் சட்டையைத் தூக்கிப் பார்த்தேன். கடிகாரத்தை மடியில் வைத்துக்கொண்டு எண்ணினேன். 58. என் பெண்ணை எண்ணச் சொன்னேன். அவள் 57 என்றாள். அது போதாதென்று, ஒவ்வொரு முறை மூச்சை உள்ளே இழுக்கும்போதும் விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தது. சாதாரணமாக மூச்சை இழுத்தால் மார்பும் வயிறும் சேர்ந்து வெளியே வர வேண்டும். கீழ் மார்பு உள்ளே போகிறது என்றால், குழந்தை மூச்சுக்காக உழைக்கிறது என்று அர்த்தம். அப்படி உழைக்கிற குழந்தைக்குப் பால் குடிக்க ஏது தெம்பு?

"அத்தை, நீங்க சொன்னாப்பல பல் முளைக்கறதாகவே இருக்கட்டும். டாக்டர் வாயாலே அதைக் கேட்டுட்டு வந்துடறோம்" என்றேன். வாக்குவாதம் செய்ய நேரமில்லை. அவர் மனதை நோகடிக்கவும் எனக்கு இஷ்டமில்லை. என் வீட்டுக்காரர் அதற்குள் ஆட்டோவைக் கூட்டி வந்துவிட்டார்.

ஆஸ்பத்திரியில் விரலில் கிளிப் மாட்டிப் பார்த்தார்கள். ஆக்ஸிஜன் 89. நிமோனியாதான். அந்த இரவு முழுக்க என் பெண் ஒரு வார்த்தை பேசவில்லை. குழந்தையின் முகத்தில் இருந்த குழாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூன்றாம் நாள் குழாயை எடுத்தார்கள். ஆறாம் நாள் வீட்டுக்கு வந்தோம். காலை வரை காத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அந்த டாக்டரிடம் நான் கேட்கவில்லை. சில கேள்விகளைக் கேட்காமல் இருப்பதே நல்லது.

மாமியார் மறுநாள் என்னைக் கூப்பிட்டு, "அந்தக் குழி எங்கே விழும், எனக்கும் காட்டு" என்றார். அதற்குப் பிறகு தெருவில் யார் குழந்தை இருமினாலும், "சட்டையைத் தூக்கிப் பாத்தியாடீ?" என்றுதான் அவருடைய முதல் கேள்வி!

மூச்சை எண்ணிக்கொண்டிருக்கக்கூட நேரம் கொடுக்காத அடையாளங்களும் உண்டு. குழந்தை எதையுமே குடிக்க முடியாமல் இருப்பது, குடித்ததெல்லாம் வாந்தி எடுப்பது, வலிப்பு, எழுப்பினாலும் கண் திறக்காமல் துவண்டு கிடப்பது, உதடும் நாக்கும் நீலம் பாரிப்பது, சும்மா இருக்கும்போதே மூச்சை இழுக்கையில் கரகரவென்று ஒரு சத்தம் வருவது — இவற்றில் ஒன்று இருந்தாலும் 108-ஐக் கூப்பிட வேண்டியதுதான். நாய் குரைப்பதுபோல இருமல் வந்து, அதோடு அந்தக் கரகர சத்தமும் சேர்ந்தால் குரல்வளைப் பக்கம் வீங்கியிருக்கிறது என்று பொருள். பெரும்பாலும் இது நடு இரவில்தான் வரும். குழந்தையை அழவிடாமல் மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டே கிளம்புங்கள்.

கக்குவான் இருமலை நம் பாட்டிமார் நன்றாக அறிவார்கள். விடாமல் இருமி இருமி, முகம் சிவந்து, கடைசியில் 'ஊப்' என்று மூச்சை இழுத்து, வாந்தி எடுக்கும். மிகச் சின்னக் குழந்தைகளுக்கு அந்த 'ஊப்' சத்தமே வராமல், மூச்சு மட்டும் சில விநாடி நின்றுபோவது உண்டு. அதுதான் பயங்கரம். ஆறு, பத்து, பதினான்கு வாரங்களில் போடும் ஐந்து நோய்த் தடுப்பூசியில் கக்குவானுக்கும் சேர்த்துத்தான் பாதுகாப்பு இருக்கிறது. நிமோனியாவை உண்டாக்கும் ஒரு முக்கியக் கிருமிக்கு எதிரான நியூமோகாக்கல் ஊசியும் தமிழ்நாட்டில் 2021 முதல் அரசு ஆஸ்பத்திரிகளில் இலவசம். 'சளி பிடிச்சிருக்கு, ஊசி அப்புறம் போட்டுக்கலாம்' என்று தள்ளிப் போடுகிறவர்கள் அதிகம். லேசான சளி ஒரு தடையே இல்லை. நர்ஸைக் கேட்டுப் பாருங்கள்.

இன்னொரு இருமலுக்குச் சளியும் கிடையாது, ஜுரமும் கிடையாது. நன்றாக விளையாடிக்கொண்டிருந்த குழந்தை திடீரென்று புரையேறி இருமும். கொஞ்ச நேரத்தில் சரியாகிவிட்டது போலத் தோன்றும். இரண்டு நாள் கழித்து இருமலும் இழுப்பும் ஆரம்பிக்கும். கேட்டால் வேர்க்கடலை, பட்டாணி, புளியங்கொட்டை, சீத்தாப்பழ விதை என்று ஏதாவது ஒன்று வாயில் போயிருக்கும். மூச்சுக்குழாயில் சிக்கிய கடலையை எந்தக் கஷாயமும் கரைக்காது. டாக்டர் குழாய் விட்டுத்தான் எடுக்க வேண்டும். பொங்கலுக்குக் கடலை மிட்டாய் வாங்குகிற காலம் இது. ஐந்து வயதுக்குக் கீழே உள்ள குழந்தை கையில் முழுக்கடலையைக் கொடுக்காதீர்கள். புரையேறியதை யாராவது பார்த்திருந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

கைவைத்தியத்தை நான் குறை சொல்லுகிறவள் இல்லை. சுக்கு மல்லிக் காப்பியும், துளசித் தண்ணீரும், பூண்டு ரசமும் எங்கள் வீட்டில் இன்றைக்கும் நடக்கிறது. தொண்டைக்கு இதம், உடம்புக்குத் தண்ணீர். ஒரு வயது தாண்டிய குழந்தைக்குப் படுக்கும் முன் அரை ஸ்பூன் தேன் கொடுத்தால் இருமல் மட்டுப்படும். ஒரு வயதுக்குள் தேன் நாக்கில் தடவக்கூடக் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமி அந்த வயதுக் குடலில் வளர்ந்து, தசைகளைச் செயலிழக்கச் செய்கிற விஷத்தை உண்டாக்கும். குளிப்பாட்டிய பின் மூக்கில் எண்ணெய் விடுவதும் வேண்டாம். அது நுரையீரலுக்குள் இறங்கும். சாம்பிராணிப் புகையைத் தலைக்குக் காட்டுகிறோம் என்று குழந்தையின் மூக்கிலே காட்டுகிறோம். கற்பூரத்தை எண்ணெயில் காய்ச்சி நெஞ்சில் தடவும் பழக்கமும் கைக்குழந்தைகளுக்கு ஆகாது. கற்பூரம் கொஞ்சம் வாய்க்குள் போனாலே சின்னக் குழந்தைக்கு வலிப்பு வரலாம். வேது பிடிக்கிறேன் என்று கொதிக்கிற அண்டாவைக் குழந்தைக்கு முன்னால் வைத்து வெந்துபோன கதை உங்கள் தெருவிலும் ஒன்று இருக்கும்.

கடையில் கேட்டு வாங்கும் இருமல் சிரப் இன்னும் மோசம். 2025-இல் மத்தியப் பிரதேசத்தில் சிந்த்வாரா பக்கம் இருமல் சிரப் குடித்த இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அந்த மருந்தில் டைஎத்திலீன் கிளைகால் என்ற விஷம் கலந்திருந்தது. தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் என்று படித்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. விஷம் கலக்காத நல்ல சிரப்பாக இருந்தாலும், சின்னக் குழந்தைகளின் இருமலுக்கு அதனால் பெரிய பிரயோஜனம் இல்லை. இரண்டு வயதுக்குள் சளி, இருமல் மருந்து கூடாது, ஐந்து வயதுக்குள்ளும் பொதுவாகத் தேவையில்லை என்று மத்திய சுகாதாரத் துறை அந்த வருஷம் அக்டோபரிலேயே சொல்லிவிட்டது. பெரியவனுக்கு எழுதிக் கொடுத்த பாட்டிலில் மிச்சம் இருக்கிறது என்று சின்னவளுக்கு ஊற்றாதீர்கள்.

பெரியவர்கள் இருமல் வேறு மாதிரி. அதில் இரண்டு வாரம் என்பதை மனதில் வையுங்கள்.

எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வருகிற பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும். இரண்டு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். 2024 கார்த்திகையில் ஆரம்பித்த இருமல் மார்கழியிலும் நிற்கவில்லை. முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு கொல்லைப்புறம் போய் இருமிவிட்டு வருவாள். ரவிக்கை தொளதொளவென்று ஆகிவிட்டது. சாயந்திரமானால் கண் எரிகிறது என்பாள்.

"ஏம்மா, எத்தனை நாளா இந்த இருமல்?"

"பனி ஒத்துக்கலைம்மா. தை பொறந்தா சரியாயிடும்."

"ராத்திரி வேர்க்குதா?"

பதில் சொல்லவில்லை. பாத்திரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "அம்மா, அந்த வியாதின்னு வெளியே தெரிஞ்சா நாலு வீட்டு வேலையும் போயிடும்மா" என்றாள். அவளுக்கும் அந்தச் சந்தேகம் இருந்திருக்கிறது. பயம் நோயைப் பற்றி அல்ல, நம்மைப் போன்றவர்களைப் பற்றி.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் சளிப் பரிசோதனை செய்ய வேண்டும் என்பது நம் நாட்டுக் காசநோய்த் திட்டத்தின் விதி. அரசு ஆஸ்பத்திரியில் பரிசோதனை இலவசம், மருந்து இலவசம். மறுநாள் அவளோடு நானும் போனேன். வந்த முடிவு நாங்கள் இரண்டு பேரும் பயந்ததேதான். ஆறு மாதம் மாத்திரை. சத்துணவுக்காக மாதம் ஆயிரம் ரூபாய் வங்கிக் கணக்கில் வரும் என்றார்கள். 2024 நவம்பருக்கு முன் அது ஐந்நூறாக இருந்ததாம். அவளுடைய பிள்ளைகளையும், அவளோடு புழங்கிய எங்களையும் பரிசோதித்தார்கள்.

"அவளுக்கு டம்ளரைத் தனியாக வைக்க வேண்டாமா?" என்று தெரிந்த ஒரு பெண்மணி என்னைக் கேட்டார். காசநோய் காற்றில் பரவுவது. டம்ளரிலும் தட்டிலும் துணியிலும் பரவாது. மருந்து ஒழுங்காகச் சாப்பிட ஆரம்பித்துச் சில வாரங்களிலேயே தொற்றுகிற வேகம் அடங்கிவிடும். இதற்கு நம் சென்னையிலேயே பெரிய சாட்சி இருக்கிறது. 1956-இல் அங்கே தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையத்தில், நோயாளிகளில் ஒரு பகுதியினரைச் சானடோரியத்திலும் மறு பகுதியினரை அவர்களுடைய சொந்த வீட்டிலும் வைத்துச் சிகிச்சை கொடுத்துப் பார்த்தார்கள். வீட்டிலிருந்தவர்களும் அதேபோலக் குணமானார்கள். கூட இருந்த குடும்பத்தாருக்கும் அதனால் அதிகமாக நோய் வரவில்லை. 1959-இல் அந்த முடிவு வெளியான பிறகு, காசநோய்க்காரர்களை ஊருக்கு வெளியே கொண்டுபோய் வைக்கிற வழக்கமே உலகம் முழுக்க மாறிப்போயிற்று. இவளை விலக்கி வைக்க நான் யார்?

முதல் ஒரு மாதம் அவளை வேலைக்கு வர வேண்டாம், சம்பளம் வந்துவிடும் என்று சொன்னேன். மற்ற மூன்று வீடுகளில் ஒன்று அவளை நிறுத்திவிட்டது; இரண்டு வீட்டார் காத்திருந்தார்கள். 2025 ஆடியில் மருந்து முடிந்தது. ஒன்பது கிலோ கூடியிருக்கிறாள். ரவிக்கையைப் பிரித்துத் தைக்க வேண்டியதாயிற்று என்று கோபித்துக்கொள்கிறாள்!

சளியில் ரத்தம் தெரிந்தால் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம், அன்றே போக வேண்டும். புகை பிடிக்கிற கணவர்களுக்கு 'இது சிகரெட் இருமல்தான்' என்று ஒரு சமாதானம் உண்டு. பழைய இருமலின் சத்தமோ நேரமோ மாறினால் அந்தச் சமாதானத்தை ஏற்காதீர்கள்.

வயதானவர்கள் விஷயத்தில் ஜுரத்தை நம்ப முடியாது. நிமோனியா வந்தும் உடம்பு சுடாமல் இருக்கலாம். சாப்பாடு குறைவது, பேச்சு குழறுவது, நேற்று வரை தெரிந்த பேரனை இன்று 'யாரு?' என்று கேட்பது போன்றவற்றைத்தான் கவனிக்க வேண்டும். படுத்தால் இருமல், எழுந்து உட்கார்ந்தால் குறைகிறது, கால் வீங்கியிருக்கிறது என்றால் இதயத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்ஸிமீட்டர் அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்தால் புது பாட்டரி போட்டு வையுங்கள். ஆக்ஸிஜன் 94-க்குக் கீழே போனால் தாமதம் வேண்டாம்.

என் மாமியாரின் வறட்டு இருமல் ஒரு வேடிக்கை. சளி இல்லை, ஜுரம் இல்லை, தொண்டையில் ஏதோ கூச்சம் என்று மூன்று மாதம் இருமினார். திரிகடுகம், அதிமதுரம், சித்தரத்தை எல்லாம் ஆயிற்று. எக்ஸ்ரே சுத்தம். கடைசியில் டாக்டர் அவருடைய மாத்திரை டப்பாவைக் கொட்டிப் பார்த்தார். ரத்தக்கொதிப்புக்காகச் சாப்பிட்ட ராமிப்ரில்தான் காரணம். எனலாப்ரிலும் அதே ஜாதி. சிலருக்கு இந்த வகை மாத்திரை இப்படி வறட்டு இருமலைக் கொடுக்கும். வேறு மாத்திரைக்கு மாற்றினார்; மூன்றே வாரத்தில் இருமல் போயிற்று. அதற்காக நீங்களாக ரத்தக்கொதிப்பு மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், அது இருமலைவிடப் பெரிய ஆபத்து.

போகி வருகிறது. அன்று காலைப் புகையில் மூச்சு இழுப்புக்காரர்கள் படும் பாடு கொஞ்சமல்ல. பின்னிரவில் இருமல், ஓடினால் இருமல், சிரித்தால் இருமல், மார்பில் விசில் சத்தம் — இப்படி வருஷத்துக்கு மூன்று நாலு தடவை வருகிற குழந்தைக்கு 'சளி உடம்பு' என்று பெயர் வைத்துவிடாமல் ஆஸ்துமாவா என்று டாக்டரைக் கேளுங்கள். இன்ஹேலர் என்றால் பழகிவிடும் என்று பயப்படுகிறார்கள். பழகாது. கொசுவர்த்திச் சுருளை மட்டும் அந்த அறையில் ஏற்றாதீர்கள்.

டாக்டரிடம் போகும்போது காலண்டர் தாளின் பின்பக்கத்தில் நாலு விஷயம் எழுதிக்கொண்டு போவது என் வழக்கம். இருமல் எந்தத் தேதியில் ஆரம்பித்தது, பகலில் அதிகமா இரவில் அதிகமா, ஜுரம் எத்தனை டிகிரி, நிமிஷத்துக்கு மூச்சு எத்தனை. சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் அட்டையோடு ஒரு மஞ்சள் பையில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள். தடுப்பூசி அட்டையையும்.